மிஞ்சின மண் எங்கே போகும்?

மனை பார்க்கிறவர்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. காணியின் நடுவில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, அந்த மண்ணையே திரும்பப் போட்டு மூடுவார்கள். மண் மிஞ்சினால் நல்ல மனை. குழி நிரம்பாவிட்டால் ஆகாது. சாத்திரம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம், விசயம் இருக்கிறது. காலங்காலமாக இறுகிக் கிடந்த மண்ணை மண்வெட்டி கிளறியதும் இடைவெளிகளில் காற்று புகுந்து பருமன் கூடிவிடும். மணலென்றால் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம், களியென்றால் 30, 40 சதவீதம் வரைகூட. மண் மிஞ்சவில்லையென்றால் அந்த இடம் முன்பே பொலபொலவென்று இருந்திருக்கிறது. யாரோ எப்போதோ மூடிய குழியாகவும் இருக்கலாம். அதன்மேல் அத்திவாரம் போட்டால் கட்டடம் இறங்கும்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் எங்கள் வீட்டோடு ஓர் அறை சேர்த்தபோது இந்தக் கணக்கு என் தலையில் விடிந்தது. வெட்டியது எட்டு கியூப். குவிந்தது ஒன்பதுக்கும் மேல். (ஒரு கியூப் என்றால் 100 கன அடி, சுமார் 2.8 கன மீட்டர்.) பழைய குளியலறையை இடித்த கொங்கிறீட்டும் கல்லும் வேறு. டிப்பர்க்காரத் தம்பி வந்து பார்த்தார். "அண்ணை, காசு வேண்டாம். நானே ஏத்திக்கொண்டு போறன். தம்பலகாமத்துப் பக்கம் ஒரு பள்ளக்காணி நிரப்பக் கேட்டவங்கள்."

இலவசம் என்றதும் எனக்கும் மகிழ்ச்சிதான். அப்புறம்தான் உறைத்தது: தம்பலகாமத்தில் பள்ளக்காணி என்றால் அநேகமாக வயல்.

மண் எப்போது கழிவாகிறது? இதற்குத் தெளிவான விடை ஒன்றை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தில் பார்க்கலாம். கட்டட வேலையில் தோண்டிய மாசுபடாத மண், தோண்டிய அதே இடத்தில், இயல்பான நிலையிலேயே, கட்டட வேலைக்கு நிச்சயமாகப் பயன்படும் என்றால் அது கழிவுச் சட்டத்துக்குள் வராது. அதில் எனக்குப் பிடித்த சொல் 'நிச்சயமாக'. "கிடக்கட்டும், பிறகு எதுக்காவது உதவும்" என்கிற நம் வீட்டுத் தத்துவம் அங்கே எடுபடாது. மண்ணுக்குப் போகிற இடம் தெரிந்திருக்க வேண்டும். வேறிடம் போவதானால் அங்கே அதற்கு உண்மையான தேவை இருக்கிறது, போடுவது சட்டப்படியானது என்று காட்ட வேண்டும். ஒரே மண், போகிற இடத்தைப் பொறுத்துப் பொருளாகவும் இருக்கும், கழிவாகவும் இருக்கும்.

நம் இலங்கையில் இந்தக் கேள்வி ஒரே சட்டத்தில் இல்லை, சிதறிக் கிடக்கிறது. மண், மணல், கிரவல் எல்லாம் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், அவற்றை ஏற்றும் வண்டியில் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். அத்திவார மண் என்றாலும் வளவுக்கு வெளியே அனுப்புமுன் அங்கே கேட்டுக்கொள்வதுதான் சரி. வயலை நிரப்புவதை 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியில்லாமல் விடாது. கடலோரமென்றால் உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம். அங்கே நிரப்பவும் கட்டவும் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். இருபுறமும் கடல் சூழ்ந்த திருகோணமலை நகரில் இந்த 300 மீட்டருக்குள் எத்தனை வளவுகள் அடங்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கழிவைச் சூழலில் கொட்டுவது 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள் வரும். அதை மத்திய சுற்றாடல் அதிகார சபை பார்க்கும்.

ஆகவே டிப்பர் தம்பியை வெறுங்கையோடு அனுப்பினேன். கோபித்துக்கொண்டார்.

மண்ணைவிட இடிபாடுதான் சுவையான சங்கதி. உடைத்த கொங்கிறீட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, புதிதாக உடைந்த முகத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி குங்குமம் போலச் சிவக்கும், வெளியோரம் மஞ்சளாகவோ மங்கலாகவோ நிற்கும். சீமெந்து இறுகும்போது உண்டாகும் கல்சியம் ஐதரொட்சைட்டு கடுமையான காரம். அந்தக் காரம்தான் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது, குங்குமம் செய்யும்போது சுண்ணாம்பு செய்வதைப் போல. வெளியோரத்தில் காற்றின் காபனீரொட்சைட்டு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைச் சுண்ணக்கல்லாக மாற்றிவிட்டது. ஆய்வுகூடத்தில் இதையே பினோப்தலீன் என்ற நிறங்காட்டி கொண்டு செய்வார்கள். அங்கே நிறம் இளஞ்சிவப்பு.

இந்தக் காரம் வெறும் வேடிக்கையல்ல. புதிதாக நொறுக்கிய கொங்கிறீட்டில் மழை ஊறி வடியும் நீரில், காரம் கூடக் கூட ஏறும் பிஎச் அளவு 12 வரைகூடப் போகலாம். நம் ஊர்க் கிணறுகளில் பலவும் ஆழமில்லாதவை, மணலில் நீர் வேகமாக இறங்கும். அதனால் கிணற்றடியிலும் வாழையடியிலும் இடிபாட்டைக் கொட்டக் கூடாது.

சரி, நொறுக்கிச் சலித்தால் சல்லிக்குப் பதிலாகப் போடலாமா? போடலாம், ஆனால் அதற்குத் தாகம் அதிகம். ஒவ்வொரு துண்டிலும் பழைய சீமெந்துச் சாந்து ஒட்டியிருக்கிறது. சாந்தில் நுண்துளைகள் நிறைய. சாதாரணக் கருங்கல் சல்லி தன் எடையில் ஒரு சதவீதமளவு நீரை உறிஞ்சினால் இது ஐந்து, ஆறு சதவீதம் என்று குடிக்கும். கலவையில் விட்ட தண்ணீரை அது களவெடுத்துவிட்டால் கலவை வரண்டுபோய் ஒழுங்காக இறுகாது. எங்கள் மேசன் எந்தப் புத்தகமும் பார்க்காமல் முதல்நாளே குவியலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, "முதல்ல இதின்ர விடாயத் தீப்பம்" என்றார்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், கம்பியில்லாத கொங்கிறீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 என்ற வலிமைத் தரம் வரையான கம்பிக் கொங்கிறீட்டில் 20 சதவீதம் வரையும் இப்படி மீட்ட சல்லியைச் சேர்க்க விடுகிறது. எங்கள் கடலோர இடிபாட்டை நான் கம்பிக்குப் பக்கத்திலேயே விடமாட்டேன். ஆண்டுக்கணக்கில் கடற்காற்று குடித்த கொங்கிறீட்டில் கடலுப்பின் குளோரைட்டு தங்கியிருக்கும். அது கம்பியைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைத் துளைக்கும். துருவோ இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கேட்ட இடம் கிடைக்காவிட்டால் கொங்கிறீட்டைப் பிளந்துகொண்டு வரும். நிலாவெளி வீதியில் பழைய வீட்டுத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது, வேறென்ன எதிர்பார்ப்பது!

கூரைக்குக் கீழே அடித்த ஜிப்சம் பலகையைக் கட்டாயம் பிரித்தெடுக்க வேண்டும். அதிலுள்ள சல்பேட்டு சீமெந்தோடு சேர்ந்து ஊதிப் பெருத்து வெடிப்பு விழவைக்கும். காற்றுப் புகாத ஈரக்குழியில் புதைத்தாலோ நுண்ணுயிர்கள் அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும்.

அஸ்பெஸ்டஸ் சீற்று இன்னும் மோசம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவது கடினம், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஒரு சீற்றை இடிபாட்டோடு சேர்த்து நொறுக்கினால் குவியல் முழுவதும் கெட்டது. உடைக்காமல், நனைத்து, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றித் தனியே வைத்துவிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று சுற்றாடல் அதிகார சபையைக் கேட்க வேண்டும். எண்ணெய் வாசனை அடிக்கும் மண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற ஊரில் வாழ்கிறவர்களுக்கு அந்த வாசனை புதிதல்ல. அப்படிப்பட்ட மண்ணைச் சோதிக்காமல் வளவில் பரப்பக் கூடாது.

இவ்வளவும் கழித்து மிஞ்சிய சுத்தமான இடிபாட்டை என்ன செய்தோம்? புதிய அறையின் தரைக்கு அடியில் போட்டோம். மண்ணிலும் பெரும்பகுதி அங்கேயே போயிற்று. ஒரேயடியாகக் கொட்டவில்லை. 15 சென்ரிமீட்டர் படையாகப் பரப்பி, நனைத்து, இடித்தோம். எவ்வளவு நனைப்பது என்பதுதான் நுட்பம். ஈரம் குறைந்தால் துகள்கள் ஒன்றையொன்று உரசி நகரமாட்டா. கூடினால் இடைவெளியைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். நடுவில் ஓர் அளவில் மண் மிக இறுக்கமாக அமரும். கலிபோர்னியப் பொறியியலாளர் ரால்ஃப் புரொக்டர் 1933இல் இதைச் சோதனையாக வகுத்தார். கொஞ்சம் களி கலந்த மண்ணென்றால் கையாலேயே பார்க்கலாம்: பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். பிசுபிசுத்தால் ஒரு நாள் காயவிடுங்கள்.

மேல்மண்ணை மட்டும் அத்திவாரத்துக்குக் கொடுக்கவில்லை. முதல் அரை அடியை வெட்டும்போதே தனியே ஒதுக்கச் சொல்லியிருந்தேன். அதிலுள்ள மக்கிய இலைதழை தரைக்கு அடியில் அழுகிச் சுருங்கும், தரை இறங்கும். உயர்த்திக் குவித்தாலும் அடியிலுள்ள உயிர்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் முருங்கையடியில் தாழ்வாகப் பரப்பி வைத்தேன். ஐப்பசி மாரி அதைக் கரைத்துக்கொண்டு போகாமலிருக்க மேலே பூசணி விதை ஊன்றினேன். கொடி இப்போது வேலியைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் போய்விட்டது. காய் யாருக்கு என்பதில்தான் இப்போது பேச்சுவார்த்தை.