ஐ7 என்றதும் காசை எடுத்து நீட்டாதீர்கள்

“ஐ7தான் அண்ணே, ஆனா நின்னு நின்னு போகுது.” கோலாலம்பூர் செந்தூலில் கணினி பழுதுபார்க்கும் எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். ஐ7 என்பது இன்டெல் கம்பெனியின் ப்ராசசர், அதாவது கணினியின் மூளையான சிப், வரிசைகளில் ஒன்று. போன வாரம் வந்தவர் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா. மகன் பல்கலைக்கழகம் போகிறான் என்று இணையத்தில் யாரிடமோ 1,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) ‘ஐ7 கேமிங் பிசி’ வாங்கியிருந்தார். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நான்கு கலர் விளக்கு. பெட்டியைத் திறந்து, ப்ராசசர் மேல் காய்ந்துபோயிருந்த பேஸ்ட்டைத் துடைத்தால், ஐ7-2600. 2011இல் வந்த சாமான். மாடல் எண்ணுக்குக் கீழே ‘மலாய்’ என்று அச்சு.

“மலேசியாவுல செஞ்சதுதானே தம்பி, நல்லதுதானே?” என்றார். நல்லதுதான் அக்கா. இன்டெல் பினாங்கு பாயான் லெப்பாசுக்கு வந்தது 1972இல். அங்கிருந்து வரும் சரக்கை நான் குறை சொல்லவே மாட்டேன். தப்பு சிப்பில் இல்லை, அதை இந்த விலைக்கு விற்றவரிடம் இருக்கிறது.

எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் வரிசை. தலைமுறையைக் காட்டுவது கோட்டுக்குப் பின் வரும் எண்ணின் தொடக்கம்: 2600 என்றால் 2ஆம் தலைமுறை, 12100 என்றால் 12ஆம் தலைமுறை. 2011 ஐ7ஐயும் 2022 ஐ3யையும் அந்த ஒற்றை எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது. பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐ7-2600க்கு 4 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை). ஐ3-12100க்கும் அதே 4 கோர், 8 த்ரெட். முதலாவது வெளிவந்தபோது கிட்டத்தட்ட 300 டாலர், இரண்டாவது 120 டாலர் சுற்றி. வேலையில்? ஐ3 ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உடனே “கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு?” என்று ஒருவர் கேட்பார், அதாவது சிப் நொடிக்கு எத்தனை நூறு கோடி தடவை துடிக்கிறது என்று. அடிப்படை வேகம் ஐ7க்கு 3.4, ஐ3க்கு 3.3. எண்ணைப் பார்த்தால் பழையதுதான் ஜெயிக்க வேண்டும், ஜெயிப்பதில்லை. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டே வருகிறது. அதனால் வேறு வேறு தலைமுறைச் சிப்புகளின் கிகாஹெர்ட்ஸை ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள், சரியா?

விண்டோஸ் கதை தனி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். 2017இல் வந்த ஐ7-7700கூட அந்தப் பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தரும் ஆட்கள் உண்டு, நான் செய்வதில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? அசைன்மென்ட், எக்செல், கொஞ்சம் புரோகிராமிங் என்றால் ஐ3-12100 போதும். கேம் விளையாடும் பையனுக்கு ஐ5-12400 அல்லது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600, இரண்டுமே 6 கோர். மிச்சப்படும் காசு கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். ப்ராசசரில் ஆயிரம் வெள்ளியைக் கொட்டிவிட்டு 8 ஜிபி ரேமோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது.

கடையில் “கிட்டத்தட்ட அதேதான், விலை கம்மி” என்று ரைசன் 5 5500ஐ எடுத்து வைப்பார்கள். அதே அல்ல. 5600க்கு எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5500க்குப் பாதி. கேமில் அது தெரியும். விலை வித்தியாசம் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள், தெரிந்து வாங்குங்கள்.

இன்டெலில் பெயர் முடியும் இடத்தில் ‘எஃப்’ எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றும் வராது, “செத்துப்போச்சு” என்று தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பிகளே, தனி கார்டு இருந்தாலும் நீங்கள் ‘எஃப்’ பக்கம் போகாதீர்கள். எச்.265 என்ற சுருக்க முறையில் பதிவான வீடியோவை டைம்லைனில் சுலபமாக ஓட்டும் குவிக் சிங்க் அந்த உள் கிராஃபிக்ஸில்தான் இருக்கிறது. ஐம்பது, நூறு வெள்ளிக்குப் பார்த்து அதை இழக்காதீர்கள்.

பழையதை வாங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பழைய 12400 கிடைத்தால் நானே வாங்குவேன். 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9, அதோடு ஐ5-13600கே, ஐ5-14600கே என்றால் மட்டும் நிதானம். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் சில கெட்டுப்போய், 2024இல் இன்டெல் மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது; வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தத்துக்காக பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) புதுப்பித்தார்களா, வாரண்டி பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே கெட்ட சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது.

காசு கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஒரு படம் கேளுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. வலது மேல் மூலையில் மாடல் எண் முழுதாக வரும். அரை நிமிட வேலை. அதற்கே சாக்குச் சொல்கிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள், தயவுசெய்து.