டெங்கு வைரஸ் குத்தும் கள்ள முத்திரை

2017இல் இலங்கையில் டெங்கு நோயாளிகளாகப் பதிவானவர்கள் 186,000க்கும் மேல். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு வீடுகளில் காய்ச்சல். பூச்சாடித் தண்ணீர், பீலியில் தேங்கிய மழை என்று நுளம்பைப் பற்றி நிறையவே பேசினோம். கலத்துக்குள் போன வைரஸ் அங்கே எப்படிப் பிடிபடாமல் இருக்கிறது? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமக்கும் நமது ஆர்என்ஏ, கலத்தின் கருவை விட்டு வெளியே வருமுன் அதன் தலையில் ஒரு தொப்பி பூட்டப்படும். அதில் மெதைல் ஒட்டப்படும். மெதைல் என்றால் ஒரு காபன், மூன்று ஐதரசன், அவ்வளவுதான். தொப்பியிலுள்ள குவானின் என்ற எழுத்தில் ஒன்று; அடுத்துள்ள முதல் எழுத்தின் ரைபோஸ் வெல்லத்தில் இன்னொன்று. முதலாவது இல்லாவிட்டால் புரதம் செய்யும் இயந்திரம் அந்த ஆர்என்ஏயைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. இரண்டாவது இல்லாவிட்டால் காவல் புரதங்கள் அதை வெளியாள் என்று பிடித்துவிடும்.

ஒட்டுவது மெதைல்மாற்றி நொதியங்கள். முட்டை, மீனிலிருந்து கிடைக்கும் மெதியோனைன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு கலம் எஸ்ஏஎம் என்ற மூலக்கூறைச் செய்கிறது. அதன் கந்தக அணு நேர் மின்னேற்றம் கொண்டது; தன்னிடமுள்ள மெதைலை எளிதில் விட்டுவிடும். நொதியம் எஸ்ஏஎம்மையும் ஆர்என்ஏயையும் நெருக்கிப் பிடிக்க, மெதைல் இடம் மாறும். டிஎன்ஏயில் மெதைல் ஒட்டி மரபணுக்களை அடக்கி வைக்கும் நொதியங்களும் இதே எஸ்ஏஎம்மைத்தான் நம்பியிருக்கின்றன.

சரி, டெங்கு வைரஸின் மரபுத்தொகுதியும் ஆர்என்ஏதான்; அதற்கும் இந்த மெதைல் முத்திரை வேண்டும். ஆனால் டெங்கு பெருகுவது கருவுக்கு வெளியே. தொப்பி பூட்டும் நமது நொதியங்களோ பெரும்பாலும் கருவுக்குள். ஆகவே அது முத்திரையைத் தானே கொண்டுவருகிறது. அதன் மரபுத்தொகுதி முழுவதுமே ஏறத்தாழ 10,700 எழுத்துகள்தான். அதற்குள்ளும் என்எஸ்5 என்ற பெரிய புரதத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் புரதத்தின் ஒரு முனை மெதைல்மாற்றி, மறுமுனை ஆர்என்ஏயைப் படியெடுக்கும் நொதியம். எஸ்ஏஎம் உட்காரும் குழி ஒன்றே ஒன்று. ஆனால் குவானினில் ஒட்டியதும் ஆர்என்ஏ சற்று நகர்ந்து கொடுக்க, அதே குழியிலிருந்து ரைபோஸுக்கும் மெதைல் போகிறது. இவ்வளவு சிக்கனமான வேலையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இரண்டாவது மெதைலை ஒட்ட முடியாதபடி என்எஸ்5ஐ மாற்றிய டெங்கு வைரஸை எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்திருக்கிறார்கள். வைரஸ் மிகவும் பலவீனப்பட்டது, ஆனாலும் நோயெதிர்ப்பைத் தூண்டியது. மருந்து செய்வதுதான் கடினம்: எஸ்ஏஎம் குழியை அடைத்தால் நமது மெதைல்மாற்றிகளும் முடங்கக்கூடும். அதனால் அந்தக் குழியின் பக்கத்தில், மனித நொதியங்களில் காணப்படாத இன்னொரு சிறு குழியை ஆய்வாளர்கள் குறிவைத்திருக்கிறார்கள்.