மோப்பம் பிடிக்கும் வாசகர்

போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, என்ன செய்வது என்று அவசரமாகத் தேடுகிறீர்கள். முதலில் கிடைத்த பக்கம், "இன்றைய நவீன உலகில் கைபேசி நம் வாழ்வோடு பின்னிப் பிணைந்துவிட்டது" என்று ஆரம்பிக்கிறது. இரண்டு முறை விரலால் தள்ளிப் பார்த்தும் விஷயத்துக்கு வந்தபாடில்லை. திரும்பி வந்து அடுத்த பக்கத்தைத் திறந்தால், முதல் வரியிலேயே "உடனே அணையுங்கள், சார்ஜரில் போடாதீர்கள்" என்று இருக்கிறது. முதல் பக்கத்திலும் இதே வரி எங்காவது அடியில் இருந்திருக்கலாம். யார் தேடிக்கொண்டிருப்பது?

இதைப் பொறுமையின்மை என்று இணையதளம் நடத்துபவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. உண்மையில் இது ஒரு கணக்கு. பறவைகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஒரு புதரில் பழம் குறையக் குறைய, அடுத்த பழத்தைத் தேடிப் பிடிக்க அதிக நேரம் ஆகும். அங்கே கிடைப்பது, சுற்றுவட்டாரத்தில் சராசரியாகக் கிடைப்பதைவிடக் குறைந்துவிட்டால் கிளம்பிவிடுவதுதான் லாபம். சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976இல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார். அடுத்த புதர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் இந்தப் புதரை விட்டுவிடலாம் என்பதும் அதே கணக்கில் வரும். இணையத்தில் அடுத்த புதர் ஒரு விரல் தட்டும் தூரத்தில் இருக்கிறது.

1990களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளர்கள் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும், மனிதர் தகவல் தேடும் விதத்தை இந்த இரைதேடல் கணக்கால் விளக்கினார்கள். அவர்கள் சேர்த்த அழகான கருத்து 'தகவல் வாசனை'. பழம் உள்ளே இருக்கிறதா என்று வாசகருக்கு வெளியிலிருந்து தெரியாது. தலைப்பையும் இணைப்பில் உள்ள சொற்களையும் மோந்து பார்த்துத்தான் ஊகிக்கிறார். 'இங்கே அழுத்தவும்' என்ற இணைப்புக்கு ஒரு வாசனையும் இல்லை. 'ரசீதைத் தரவிறக்க' என்று எழுதினால் எங்கே போகிறோம் என்பது தெரிந்துவிடும். வாசனை மட்டும் பலமாக இருந்து உள்ளே பழம் இல்லாவிட்டால்? அப்படித் தலைப்பு போட்டு ஆள்பிடிக்கும் தளங்களுக்கு இரண்டாவது தடவை யாரும் நம்பிப் போவதில்லை.

கண்ணின் அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. நம் பார்வையில் நடுவே சுமார் 2 பாகை அளவுதான் துல்லியமாகத் தெரியும். கையில் பிடித்திருக்கும் போனில் அது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் தாவித் தாவிப் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் சுமார் கால் நொடி நிற்கிறது. தமிழ்ச் சொற்கள் வேறு நீளமானவை. ஒரு நிறுத்தத்தில் ஒன்றிரண்டு சிக்கினால் பெரிது. 'நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய' என்று தொடங்கும் தலைப்பு, அந்த நிறுத்தங்களை எல்லாம் வீணாக்கிவிடும். 'தண்ணீரில் விழுந்த போன்' என்று தொடங்கினால் முதல் தாவலிலேயே வேலை முடிந்தது.

சரி, எழுத்து நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கம் குதித்தால்? ஒரு பொத்தானை அழுத்தப் போகிறீர்கள். அந்த நொடி மேலே ஒரு படம் வந்து இறங்கி எல்லாவற்றையும் கீழே தள்ள, விரல் போய் விளம்பரத்தில் விழுகிறது. பிரவுசருக்கு எழுத்துகள்தான் முதலில் வந்து சேரும். படத்தின் உயரம் தெரியாததால், இடம் ஒதுக்காமல் எழுத்தை அடுக்கிவிடுகிறது. படம் வந்த பிறகு அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டியிருக்கிறது. படத்தின் அகல உயரத்தை நிரலில் இரண்டு எண்களாக எழுதிவிட்டால் போதும், வெற்றிடத்தை முன்கூட்டியே விட்டுவைக்கும். இவ்வளவு சின்ன வேலையைச் செய்யாத தளங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

இந்தக் குதிப்பை கூகுள் ஓர் எண்ணாகவே அளக்கிறது, 0.1க்குள் இருந்தால் நல்லது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் இன்னோர் அளவுகோல். ஆனால் பக்கம் எவ்வளவு வேகமாக வந்தாலும், பதில் ஆறு திரை தள்ளி இருந்தால் பறவை பறந்துவிடும்.

இதற்கென்று கருவி எதுவும் தேவையில்லை. பழைய போன் ஒன்றில் சொந்தப் பக்கத்தைத் திறந்து, பதில் வரும்வரை எத்தனை முறை விரலால் தள்ள வேண்டியிருக்கிறது என்று எண்ணினாலே தெரியும். என் கட்டுரை ஒன்றில் ஏழு முறை ஆனது. முதல் மூன்று பத்திகளை, ரசித்து எழுதியவைதான், வெட்டி எறிந்தேன். எங்கே போயின என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.