எழுத்து மாறாமலே குணமாகுற ஒரு ஜீன் நோய்

"மைட்டோகாண்ட்ரியா நோய்னா பிறவிக் குறை, வந்தா போகாது, அப்படித்தானே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. மைட்டோகாண்ட்ரியாங்கிறது செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற பகுதி, அது கெட்டா வர்ற நோய் பெரும்பாலும் அப்படித்தான். ஆனா கைக்குழந்தைகளுக்கு வர்ற ரொம்ப அபூர்வமான ஒரு தசை நோய் மட்டும் வருது, உயிர் போற அளவுக்கு படுத்துது, அப்புறம் தானாவே விலகிடுது.

பிறக்கும்போது குழந்தை நல்லாத்தான் இருக்கும். சில வாரத்துல இல்ல ரெண்டு மூணு மாசத்துல உடம்பு துவண்டு போயிடும், பால் உறிஞ்சக்கூட தெம்பு இருக்காது, ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏறும், மூச்சுத் தசையும் சோர்ந்துட்டா வென்டிலேட்டர்தான். தசையில துளி எடுத்து பயாப்ஸி பாத்தா மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்கத் தேவையான சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ்ங்கிற என்சைம் பல தசை இழைகள்ல காணவே காணோம். அப்புறம் 5ல இருந்து 20 மாசத்துக்குள்ள தேற ஆரம்பிச்சு, 2, 3 வயசுல பெரும்பாலான குழந்தைங்க ஓடி ஆடுறாங்க, சிலருக்கு மட்டும் லேசான பலவீனம் தங்கும். 1980களோட தொடக்கத்துலயே நரம்பியல் நிபுணர் சால்வடோர் டிமாரோவோட குழு இத விவரிச்சிட்டாங்க, காரணம் 2009லதான் ரீட்டா ஹோர்வாத் குழு மூலமா தெரிஞ்சுது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குன்னு தனியா டிஎன்ஏ உண்டு, ஏ, டி, ஜி, சிங்கிற எழுத்துகளா எழுதினா அதுல 16,569 எழுத்து. அதுல 14674வது இடத்துல டி இருக்கணும், இவங்களுக்கு சி. அம்மா வழியா வர்றது, எல்லா காப்பியிலயும் இருக்கு, குழந்தை தேறினப்புறமும் அப்படியேதான் இருக்கு! அப்புறம் எப்படி குணமாகுது?

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அந்த எழுத்து, குளூட்டமேட்ங்கிற அமினோ அமிலத்த ரைபோசோமுக்கு, அதாவது புரதம் செய்யுற இடத்துக்கு, தூக்கிட்டுப் போற டிஆர்என்ஏங்கிற மூலக்கூறுக்கு உரியது. அந்த டிஆர்என்ஏ சரியா வேலை செய்யணும்னா அது மேல ஒரு சல்ஃபர் ஒட்டணும், ஒட்டுறது டிஆர்எம்யூங்கிற என்சைம், அதுக்கு சல்ஃபர் கிடைக்கிறது சிஸ்டீன்கிற அமினோ அமிலத்துல இருந்து. பெரியவங்க உடம்பு மெத்தியோனின்கிற இன்னொரு அமினோ அமிலத்துல இருந்து சிஸ்டீன தானே செஞ்சுக்கும், ஆனா பச்சக் குழந்தையோட கல்லீரல்ல அதுக்கான என்சைம் இன்னும் முழுசா ஓட ஆரம்பிச்சிருக்காது, அதனால பால்ல வர்றதுதான் அதுக்கு சிஸ்டீன். ஏற்கெனவே தள்ளாடுற டிஆர்என்ஏ, கூடவே சல்ஃபர் தட்டுப்பாடு, ரெண்டும் சேர்ந்தா மைட்டோகாண்ட்ரியாவுல புரதம் செய்யுற வேலை படுத்துடுது. கல்லீரல் முதிர்ந்ததும் குறை இருந்தும் வண்டி ஓடுது. ஆராய்ச்சியாளர்கள் முன்வைக்கிற விளக்கம் இது.

இன்னொண்ணு, அதே எழுத்து உள்ள அம்மாவும் அண்ணன் தங்கச்சியும் நல்லா இருப்பாங்க. 2020ல வந்த ஆய்வு, நோய் வந்த குழந்தைங்ககிட்ட இதே வேலையில பங்கெடுக்குற உட்கரு ஜீன்கள்ல (மைட்டோகாண்ட்ரியாவுல இல்லாம செல்லோட உட்கருவுல இருக்குற ஜீன்கள்), உதாரணமா இஏஆர்எஸ்2, டிஆர்எம்யூ மாதிரி ஒண்ணுல கூடுதலா ஒரு மாத்தம் இருந்தத காட்டுச்சு. உட்கரு ஜீன் அப்பாகிட்ட இருந்தும் வரும். அதனால "தாய் வழி நோய்"னு சொல்லி அம்மா மேல பழி போடுறது மனசாட்சி இல்லாத வேலை, அறிவியலும் அதுக்குத் துணை நிக்காது. அதே மாதிரி தானா தேறுற நோய்ல, கடைசியா கட்டின தாயத்துக்கோ குடுத்த பொடிக்கோ பேர் போயிடுது, அதை நம்பி அடுத்த குழந்தைய வென்டிலேட்டர்ல வைக்காம விட்டா போறது உயிர்.

ஏன்னா இதே என்சைம் குறையோட வந்து தேறாமலே போற நோயும் இருக்கு, ஆரம்பத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பிரிச்சுக் காட்டுறது அந்த ஒரு எழுத்து, ரத்தத்துலயே பாத்துடலாம். அபூர்வ நோய்க்கு எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சிப் பணம்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இந்த டெஸ்ட்தான்: இது பாசிட்டிவ்னு வந்தா வென்டிலேட்டர நிறுத்தலாமான்னு யோசிச்சிட்டு இருந்த டாக்டர் இன்னும் சில மாசம் ஓட்டலாம்னு தைரியமா சொல்லலாம்.