செல் அவுட்: விற்றாரா, விலைபோனாரா?

‘செல் அவுட்’ (sell out) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டும் ஒரே ஆளைப் பற்றி ஒரே நாளில் வரலாம். ஒரு டி.ஜே.யின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் மிச்சமில்லை என்றால் அது செல் அவுட். அதே டி.ஜே. காசுக்காகத் தன் இசையைக் கெடுத்துக்கொண்டார் என்று பழைய ரசிகர் பொருமினால் அவரும் செல் அவுட்தான். முதல் பொருளில் நமக்குச் சிக்கல் இல்லை. ‘விற்றுத் தீர்ந்தது’ என்போம், தியேட்டர் பக்கம் போனால் ‘ஹவுஸ்ஃபுல்’. இரண்டாவதுதான் பாடாய்ப் படுத்துகிறது. இ.டி.எம். எனப்படும் மின்னணு நடன இசையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல்லில் முட்டிக்கொள்ளாமல் நாலு பத்தி தாண்ட முடியாது.

முதலில் வேரைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் ‘செல்லன்’ என்றால் விற்பது அல்ல, கொடுப்பது, ஒப்படைப்பது. காசு பிறகுதான் உள்ளே வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவியை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் 1871 வரை இருந்தது. வாங்கிய பதவியை விற்றுவிட்டு வெளியேறுவதற்கு ‘செல் அவுட்’ என்றே பெயர். அதில் இழிவு ஏதும் கிடையாது, இன்று ஒருவர் பங்கை விற்றுவிட்டுக் கம்பெனியை விட்டு விலகுவது மாதிரிதான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல் பேச்சில்தான் சொல் வசவாகத் திரும்பியது. கட்சியை, கொள்கையைக் காசுக்குக் காட்டிக்கொடுத்தவன் செல் அவுட்.

இசைக்குள் இந்தக் கோபம் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு 1966 மே 17 போதும். நாட்டுப்புற இசை ரசிகர்களின் செல்லப்பிள்ளையான பாப் டிலன், மான்செஸ்டர் மேடையில் எலெக்ட்ரிக் கிதாரோடு நின்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: “யூதாஸ்!” கிதாருக்கு மின்சாரம் கொடுத்ததே, இயேசுவைக் காட்டிக்கொடுத்து யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசுக்குச் சமமாகிவிட்டது.

இ.டி.எம்.முக்கோ பிறப்பிலேயே மின்சாரம். அங்கே துரோகம் எதில் இருக்கும்? சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், 1970களின் கடைசியில், ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்றிய இரவுகளிலிருந்து ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை வந்தது. ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள், அதிலும் தன்பாலீர்ப்பாளர்கள். பக்கத்து டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் டெக்னோ என்ற இன்னொரு வகையைக் கட்டினார்கள். கருவிகளும் கழிக்கப்பட்டவை. ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303 என்ற பாஸ் (அடித்தள ஓசை) சிந்தசைசர், கடையில் விலைபோகாமல் 1984இல் தயாரிப்பே நின்றுபோன பெட்டி. பழைய சாமான் விலைக்குக் கிடைத்ததால்தான் அந்தப் பையன்களால் அதை வாங்க முடிந்தது.

2010 வாக்கில் அமெரிக்க இசைத் தொழில் இந்தப் பரம்பரையில் ஒரு கிளையைப் பிடித்து இ.டி.எம். என்று முத்திரை குத்தியது. பெயரளவில் எல்லா மின்னணு நடன இசைக்கும் பொதுச்சொல். புழக்கத்தில் அது பெருவிழாக்களின் ஓசை: நிமிடத்துக்குச் சுமார் 128 தாள அடி, ஸ்நேர் டிரம்மின் உருட்டல் நெருங்கி நெருங்கி வரும், சுருதி ஏறிக்கொண்டே போகும், ஒரு நொடி மொத்தமும் நிற்கும், அப்புறம் பாஸ் தொப்பென்று விழும். அதற்கு ‘டிராப்’ என்று பெயர். பத்தாயிரம் கைகள் ஒரே நேரத்தில் மேலே போகும். நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்! ஆனால் டெட்ராய்ட்காரரிடம் போய் ‘நீங்கள் இ.டி.எம். போடுவீர்களா’ என்று கேட்டால் முகம் சுருங்கும். பொதுச்சொல்லாக வந்த பெயர் அவர்களுக்கு ஒரு வசவு.

காசும் வந்து கொட்டியது. ராபர்ட் சில்லர்மேனின் எஸ்.எஃப்.எக்ஸ். நிறுவனம் விழாக்களையும் பீட்போர்ட் என்ற இசை விற்பனைத் தளத்தையும் வாங்கிக் குவித்து, 2013 அக்டோபரில் பங்கு 13 டாலர் என்று சந்தைக்குப் போனது. 2016 பிப்ரவரியில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது.

யார் எதை விற்றார்கள் என்ற கேள்விக்கு இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டெட்ராய்ட்டில் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்றொரு குழு. முகமூடி போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவார்கள், பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் கிடையாது. 1999இல் அந்தக் குழுவின் டி.ஜே. ரொலாண்டோ வெளியிட்ட ஒரு பாட்டு ஐரோப்பிய கிளப்புகளில் பற்றிக்கொண்டது. சோனியின் ஜெர்மன் கிளை அனுமதி வாங்காமலே அதை அப்படியே நகலெடுத்து விற்க முனைந்தது. உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தெழ, சோனி பின்வாங்கியது. விற்க மாட்டேன் என்றவரின் பொருளையும் சந்தைக்கு இழுக்கப் பார்ப்பார்கள் என்பதற்கு இது சாட்சி.

அதே 1999இல் மொபி என்ற அமெரிக்க மின்னணு இசைக் கலைஞர் ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஆரம்பத்தில் வானொலிகள் சீண்டவில்லை. பிறகு அதிலிருந்த 18 பாடல்களும், ஒன்று விடாமல், விளம்பரங்களுக்கும் படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் கொடுக்கப்பட்டன. விற்பனை ஒரு கோடி பிரதியைத் தாண்டியது. ‘செல் அவுட்’ என்ற வசவு அவர் தலையில் நிரந்தரமாக ஏறியது. எனக்கு அந்த வசவு குறி தவறியதாகவே படுகிறது. அந்த ஆல்பத்தின் உயிர், நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமக்ஸ் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த கறுப்பின மக்களின் பழைய குரல்கள். அவற்றில் ஒன்று அலபாமாவின் வீரா ஹாலுடையது. துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்த அந்த அம்மா 1964லேயே இறந்துவிட்டார். மொபி தன்னை விற்றாரா என்று கேட்டவர்களில் எத்தனை பேர் வீரா ஹாலின் குரலை விற்க யாருக்கு உரிமை என்று கேட்டார்கள்?

சரி, தமிழுக்கு வருவோம். ‘சோரம் போனார்’ என்று நம் பத்திரிகைகள் தாராளமாக எழுதுகின்றன. சோரம் என்றால் களவு; வழக்கில் பெண்ணின் ‘கற்புப் பிறழ்வு’. கலைஞரைத் திட்ட ஒரு பெண்ணை இழுப்பானேன், விட்டுவிடலாம். ‘சமரசம்’ ரொம்ப மென்மை, அதில் காசு வாசனையே இல்லை. ‘வணிகமயமாதல்’ ஒரு துறைக்கோ விழாவுக்கோ பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. ‘வெகுஜனமாதல்’ என்றால் பலரைச் சென்றடைவது. அதை மட்டும் வைத்து ஒருவர் மேல் குற்றம் சாட்ட முடியாது.

மிஞ்சுவது ‘விலைபோதல்’. கட்சி மாறும் எம்.எல்.ஏ.வுக்கு நாம் தினமும் சொல்வதுதான். இதில் ஒரு வேடிக்கை: மாடு விலைபோனால் வீட்டில் சந்தோஷம், மனிதர் விலைபோனால் கேவலம். ‘விலைபோனார்’ என்னும்போது அவரே சரக்காகிவிடுகிறார். ‘விற்றுவிட்டார்’ என்றால் அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது, ‘எதை?’ என்று உடனே கேட்கத் தோன்றும். ஆங்கிலச் சொல் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, எதை என்ற கேள்விக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

ஆகவே ‘செல் அவுட்’டைத் தமிழாக்கும்போது, வாக்கு மாறி வேறு பக்கம் சாய்ந்தவருக்கு மட்டும் ‘விலைபோனார்’ என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் ‘விற்றார்’ என்று போட்டு, எதை, யாருடையதை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மொபி பற்றி நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்: ‘மொபி தன் பாடல்களையும், அவற்றோடு பிறரின் குரல்களையும் விளம்பரங்களுக்கு விற்றார்.’