தள்ளிவிட ஆள் எதற்கு?

இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். அதனால் ஒரு சமூகக் கூடத்தில் சாய்தளம் கட்டியபோது ஆலோசனைக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். வேலை முடிந்ததும் சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்மணி ஏறிப் பார்த்தார். பாதி தூரம் போவதற்குள் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டோம். “பின்னாலிருந்து தள்ளிவிட ஆள் போட்டுவிடலாம்மா” என்றார் குழுத் தலைவர்.

“தள்ளிவிட ஆள் வேண்டுமென்றால் சாய்தளம் எதற்கு? படியிலேயே தூக்கிக்கொண்டு போயிருப்பீர்களே” என்றார் அவர்.

கணக்கு எளிமையானதுதான். 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அங்கே 15 செ.மீ. உயரத்தில் 3 படிகள், மொத்தம் 45 செ.மீ. அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். கட்டியிருந்தது 2 மீட்டர். இந்த அளவு எனக்குத் தெரியும். ஆனால் வரைபடத்தைப் பார்த்த அன்று நான் அளக்கவில்லை, அதைத் தினமும் பயன்படுத்தப்போகிற ஒருவரை அழைத்துக் கேட்கவும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேச நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களே பேசும்போதுதான் வேலை சரியாக நடக்கிறது. ஜூடி ஹியூமன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்குச் சிறு வயதில் போலியோ. சக்கர நாற்காலியில் இருந்ததால், தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்று சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். பிறகு ஆசிரியர் உரிமமும் மறுக்கப்பட்டது. வழக்குப் போட்டு வாங்கினார். அரசு நிதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்று 1973இல் சட்டம் வந்தும், அதற்கான விதிமுறைகள் கையெழுத்தாகாமலே கிடந்தன. 1977 ஏப்ரலில் அவரும் தோழர்களும் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாத தோழர்கள் ஜன்னல் ஓரம் நின்று வெளியே இருந்தவர்களிடம் சைகை மொழியில் செய்தி சொன்னார்கள். அந்த மாதமே விதிமுறைகள் கையெழுத்தாகின.

2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: அவர்களைப் பற்றிய சட்டமோ கொள்கையோ வகுக்கும்போது, அவர்களுடைய அமைப்புகளைக் கலந்து பேச வேண்டும்.

சரி, குழுவில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் போதுமா? ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. பெயருக்குச் சேர்த்துக்கொண்டு, ஆட்டத்தில் இடம் தராமல் வைத்திருப்பது. அந்தச் சொல்லுக்குள்ளேயே நடக்க இயலாத ஒருவர் இருப்பதை எண்ணிப் பாருங்கள். பல குழுக்களில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. எல்லாம் முடிவான பிறகு கையெழுத்து மட்டும் கேட்பார்கள்.

அந்தப் பெண்மணி பிறகு குழுவில் சேர்ந்தார். சாய்தளத்தை இடித்துவிட்டு, நடுவே நாற்காலியைத் திருப்ப ஒரு சமதள மேடையோடு நீளமாகக் கட்ட வைத்தார். கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. நாற்காலி உள்ளே போன பிறகு கதவைச் சாத்த இடமில்லை. அதையும் வெளிப்பக்கமாக மாற்ற வைத்தார். அப்புறம் ஒரு நாள், “எனக்குச் சக்கர நாற்காலியின் கஷ்டம் தெரியும். பார்வை இல்லாதவர் கஷ்டம் எனக்கு எப்படித் தெரியும்? அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்” என்றார்.

ஓர் இளைஞர் வந்தார். முதல் கூட்டத்திலேயே கேட்டார்: “கூட்டக் குறிப்பை ஏன் போட்டோ எடுத்து அனுப்புகிறீர்கள்? என் போனில் எழுத்தை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதைச் சரியாகப் படிக்காது. தட்டச்சு செய்து அனுப்புங்கள்.”

அன்று மாலையே தட்டச்சு செய்து அனுப்பினோம். இரவே பதில் வந்தது, மூன்றாவது தீர்மானத்தில் தனக்கு உடன்பாடு இல்லை என்று.