‘லாகின்’: பூட்டு அல்ல, பதிவு

கடவுச்சொல் கேட்பதாலோ என்னவோ, ‘லாக் இன்’ என்பதில் வரும் லாக் பூட்டைக் குறிக்கும் லாக்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, உச்சரிப்பும் வேறு. நம் லாக்குக்கு முதற்பொருள் மரக்கட்டை.

கட்டையைக் கணினிவரை கொண்டுவந்தவர்கள் மாலுமிகள். பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய மரத்துண்டைப் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். பிற்காலத்தில் அது கால்வட்டப் பலகையானது. வளைந்த ஓரத்தில் ஈயம் பதித்திருப்பதால் நீரில் நிமிர்ந்து நிற்கும், கப்பலோடு அவ்வளவாக இழுபடாது. கப்பல் போகப் போக, உருளையிலிருந்து கயிறு அவிழ்ந்து ஓடும். 28 விநாடி மணற்கடிகையில் மணல் தீர்வதற்குள் கயிற்றின் முடிச்சுகள் எத்தனை கடந்தன என்று எண்ணுவார்கள். ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே 47 அடி 3 அங்குலம். 7 முடிச்சு போனால் மணிக்கு 7 கடல் மைல் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ கணக்கில் சொல்வது இதனால்தான். நாட் என்றால் முடிச்சு.

அந்த வேகத்தை எழுதி வைத்த ஏடு லாக் புக். காற்று, திசை, கப்பலில் நடந்தவை என்று எல்லாமே அதில் ஏற, ‘லாக்’ என்றாலே நேரத்தோடு குறித்து வைப்பது என்றாகிவிட்டது. 1960-களில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, யார் வந்தார், எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்ற கணக்கு தேவைப்பட்டது. வருகையைப் பதிவது லாக் இன், போவதைப் பதிவது லாக் அவுட். ‘லாக் ஆன்’ என்றாலும் ஏறக்குறைய அதே பொருள்தான். வினையாக வந்தால் இரண்டு சொல்லாகவும், பெயராக வந்தால் சேர்த்து ‘லாகின்’ என்றும் எழுதுவது ஆங்கில வழக்கம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே ‘என் லாகின்’ என்பதும் உண்டு.

சரி, தமிழில்? ‘உள்நுழை’ யாருக்கும் உடனே புரியும், பொத்தானில் போட அதுவே நல்லது. ஆனால் அதில் நுழைவு மட்டும் இருக்கிறது, பதிவு இல்லை. தமிழ் விக்கிப்பீடியா ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ என்கிறது. புகுவதும் பதிவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன, அருமையான ஆக்கம். பிளாக் என்பது ‘வெப் லாக்’கின் சுருக்கம்; அதற்கான வலைப்பதிவு என்பதில் உள்ள ‘பதிவு’ம் இதே லாக்குக்கு வந்த தமிழ்தான்.

லாகின் பொத்தானுக்கு ‘பதிவு செய்க’ என்று போடுவது மட்டும் தவறு. அது புதிதாகக் கணக்குத் தொடங்குபவருக்கு உரியது. ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் அதை அழுத்திவிட்டு, பெயரும் பிறந்த தேதியும் கேட்கும் படிவத்தின் முன் திகைத்து நிற்பார்.

‘லாகின் ஆகவில்லை’ என்பதை ‘உள்நுழைய முடியவில்லை’ என்று சொல்லலாம். ‘லாகின் விவரம்’ புகுபதிகை விவரம். எந்தக் கருவியிலிருந்து எப்போது நுழைந்தோம் என்று காட்டும் ‘லாகின் ஹிஸ்டரி’க்குப் புகுபதிகை வரலாறு.